வாசலுக்கு உரிமம், கட்டிலுக்கு இல்லை

திருப்பதியில் ஓர் அடுக்குமாடியின் வாசலுக்குக் காவலாளியை அனுப்பும் நிறுவனத்துக்கு 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், படுத்த படுக்கையான பாட்டிக்கு மாத்திரை கொடுத்து, பீரோ இருக்கும் அறையிலேயே இராத்தங்கும் பெண்ணை அனுப்பும் நிறுவனத்துக்கென்று அப்படியொரு சட்டம் இல்லை. முதியோர் வீட்டுப் பராமரிப்பு முகமைகளைப் பதிவுக்குள் கொண்டுவரும் மசோதா 2019 டிசம்பரில் மக்களவைக்கு வந்தது, நிலைக்குழுவுக்குப் போனது, 2024-இல் அவையோடு சேர்ந்து காலாவதியானது. முதியோர் மசோதா கவனிப்பாரின்றிப் போனதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

உரிமம் வந்தால் செலவு குடும்பத்தின் தலையில்தான் விடியும் என்பார்கள். விடியும்தான், ஆனால் எவ்வளவு? காவலாளிச் சட்டத்தில் ஒரு மாவட்டத்துக்குக் கட்டணம் 5,000 ரூபாய், ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுவதற்கும் 25,000. இது யாரையும் கவிழ்க்கும் தொகையல்ல. கவிழ்ப்பது, நடுவில் மாறும் கணக்கு. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமானது. சித்தூரிலும் திருப்பதியிலும் ஆள் வைத்திருந்த காவல் நிறுவனம், நாற்காலியைக்கூட நகர்த்தாமல் இரண்டு மாவட்ட நிறுவனமாகிவிட்டது. சட்டத்தின் எழுத்துப்படி கட்டணமும் இரட்டிப்பு. பாட்டிக்கு ஆள் அனுப்புவோருக்கு நாளை விதி எழுதுகிறவர்கள் மாவட்ட எல்லையை வருவாய்த்துறைக்கே விட்டுவிட்டு, வருகிறவருக்கு ஊசி போடத் தெரியுமா, காவல்துறைச் சரிபார்ப்பு முடிந்ததா என்று கேட்கலாம். அந்தச் செலவுக்குக் குடும்பங்கள் முணுமுணுக்கும், கொடுத்தும் விடும்.