ரப்பர் பேண்டு போட்ட ரகசியம்

மங்கலத்தில் விசைத்தறிக் கூடத்துக்கு இரட்டைப் பூட்டு. நூல் மூட்டைக்குக் கேமரா. முதலாளியின் கையெழுத்து மட்டும் திருப்பூரில், ஆடிட்டர் ஆபீஸ் டிராயருக்குள், ரப்பர் பேண்டு சுற்றிக் கிடக்கிறது.

மின் கையெழுத்து டோக்கனைத்தான் சொல்கிறேன். பார்க்கப் பென் டிரைவ். உள்ளே இருப்பது வெளியே எடுக்கவே முடியாதபடி பூட்டிய தனிச்சாவி. நகலெடுக்க விடக்கூடாதென்று உலகத்துக் கணித மூளைகள் எவ்வளவோ பாடுபட்டன. நகல் எதற்கு? அசலையே கொடுத்தாயிற்று. கடவு எண், டோக்கனோடு வந்த அதே 12345678. மறந்துவிடக் கூடாதென்று மேலேயே மார்க்கரில் எழுதியும் வைத்தாயிற்று.

தனிச்சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது உரியவரின் கடமை என்கிறது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42-ஆவது பிரிவு. "அதெல்லாம் ஆடிட்டர் பாத்துக்குவாருங்க" என்கிறார் முதலாளி.

பின்னலாடைக் கம்பெனியிலும் இதே கதைதான். பையர் தரும் டெக் பேக் (ஆடையின் வடிவமைப்பு விவரம்), விலை, தொழிலாளர்களின் ஆதார் நகல் எல்லாம் வாட்ஸ்அப்பில். 2016 முதல் அதில் முனைக்கு முனை மறையாக்கம் உண்டு. நடுவழியில் எவரும் படிக்க முடியாது. படிக்க வேண்டியவர்கள்தான் முனையிலேயே உட்கார்ந்திருக்கிறார்களே! மெர்ச்சன்டைசர், செக்கிங் மாஸ்டர், பிரிண்டிங் யூனிட் தம்பி, போட்டிக் கம்பெனிக்குத் தாவிய பழைய மேனேஜர். குரூப்பிலிருந்து அவரை நீக்கினால் மனம் நோகுமாம்.

தனிநபர் தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று 2023-இல் சட்டம் வந்தது. அதன் பிடிஎஃப்பைக் குரூப்பில் போட்டதும் முதல் ஆளாகக் கட்டைவிரல் தூக்கியவர் அந்த மேனேஜர்.