நடந்து வந்த ஆஸ்பத்திரி

ஆம்புலன்ஸ் என்ற சொல்லுக்கு அர்த்தம் என்ன? (கும்பகோணம் வாசகர்)

இலத்தீனில் ‘ஆம்புலாரே’ என்றால் நடப்பது. படையின் பின்னாலேயே நடந்து போன பிரெஞ்சு ஆஸ்பத்திரிக்கு வைத்த பெயர். சக்கரமும் சைரனும் பிற்சேர்க்கை!

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸின் ஜான், டாக்டரா? (திண்டுக்கல் வாசகி)

ஞானஸ்நானம் கொடுத்த யோவான். ஊசி போட்டவரல்ல! 11ஆம் நூற்றாண்டில் ஜெருசலேம் யாத்ரீகர்களுக்கு ஆஸ்பத்திரி நடத்தியவர்களின் வழிவந்த பெயர். 1877இல் இங்கிலாந்தில் முதலுதவி கற்பிக்கும் சங்கம். பத்தே வருடத்தில் சீருடைத் தொண்டர் படை.

அந்தத் தொண்டர்களுக்குக் கால்பந்து மைதானத்தில் ஓசி டிக்கெட்டாமே? (மதுரை வாசகர்)

உள்ளே நிற்கலாம், ஆட்டம் பார்க்க முடியாது. எல்லோரும் பந்தைப் பார்க்கும்போது, கூட்டத்தில் யார் சாய்கிறார் என்று பார்ப்பதுதான் அவர்கள் வேலை.

காந்திக்கு முதலுதவி தெரியுமா? (நெல்லை வாசகர்)

நன்றாக! 1899இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில், நேட்டாலில் சுமார் 1,100 இந்தியர்களோடு காயம்பட்டவர்களைச் சுமந்தார். சில நாள் 20, 25 மைல் நடை. பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகள். நேட்டால் கூலிகளில் பாதிக்கு மேல் சென்னையில் கப்பலேறியவர்கள் என்பதால், சுமந்த தோள்களில் தமிழ்த் தோள்கள் ஏராளம். அவர்கள் பெயர்களை யாராவது தேடி எழுதினால் முதல் பிரதி எனக்கு.

1914இல் லண்டனில் மறுபடி முதலுதவி வகுப்பு. வாத்தியார் டாக்டர் ஜேம்ஸ் கான்ட்லி. பின்னாளில் சீனக் குடியரசை நிறுவிய சன் யாட் சென்னுக்கு ஹாங்காங்கில் மருத்துவம் சொல்லிக்கொடுத்தவர். 1896இல் லண்டன் சீனத் தூதரகத்தில் அடைபட்ட அந்த மாணவரை மீட்கப் போராடியவரும் அவரே. ஒரு வாத்தியாருக்கு இரண்டு தேசபிதாக்கள்!

வலிப்பு வந்தவர் கையில் சாவி கொடுக்கலாமா? (சேலம் வாசகி)

சாவி பூட்டுக்கு! பக்கத்தில் கிடக்கும் கல்லை நகர்த்துங்கள், தலைக்கடியில் துண்டை வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உதறல் ஐந்து நிமிடம் தாண்டினால் 108ஐ அழையுங்கள்.

மயங்கியவருக்குச் சோடா? (ஈரோடு வாசகர்)

விழுங்க முடியாத நிலையில் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். சோடாவை, சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கொடுத்து நகர்த்துங்கள். காற்றாவது வரும்.

விபத்தில் உதவினால் போலீஸ் கேஸில் மாட்டுவோமே? (விழுப்புரம் வாசகர்)

மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு நல்லெண்ணத்தோடு உதவுபவரைக் காக்கிறது. பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. வண்டியை நிறுத்துங்கள் சார்!