தலைவர் நாற்காலிக்குச் சம்பளம் இல்லை

கேள்வி: நெகிரி செம்பிலானில் எங்கள் தோட்டத்துக் கலை மன்றத்துக்குச் சம்பளமில்லாத் தலைவர் வேண்டும். பணமுள்ளவரா, பாடத் தெரிந்தவரா?

பதில்: கணக்குக் காட்டத் தெரிந்தவர்!

மலேசியாவின் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம். ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் கணக்கும் பொறுப்பாளர் பட்டியலும் சங்கப் பதிவகத்துக்குப் போயாக வேண்டும். மாலை வாங்கும் கழுத்துகள் நிறைய உண்டு. இந்தத் தாள்களைச் சுமக்கும் தோள்கள்தாம் குறைவு.

பணமுள்ளவர் இல்லாமலும் சங்கம் வளரும். துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர்கள் வீடும் வேலையும் இழந்துகொண்டிருந்த காலம் அது. பெரிய முதலாளி யாரையும் அவர் தேடவில்லை. பால்மரம் சீவியவர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். அந்தச் சங்கத்தின் டான்ஸ்ரீ கே.ஆர். சோமா மொழி இலக்கிய அறவாரியம்தான் பின்னாளில் அனைத்துலகத் தமிழ்ப் புத்தகப் பரிசை வழங்கியது. தோட்டத்து வியர்வை இலக்கியத்துக்கும் சோறு போட்டது!

கோலாலம்பூரில் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிய ‘நுண்கலைக் கோயில்’ என்ற கலை அமைப்பும் தொண்டர்களால்தான் வளர்ந்தது.

ஆகவே பட்டம் பெற்றவரைத் தேடி சிரம்பானுக்கு ஓட வேண்டாம். கோயில் திருவிழாக் கணக்கைச் ஒரு சென் பிசகாமல் ஒப்படைத்த அக்கா ஒருவர் உங்கள் தோட்டத்திலேயே இருப்பார். அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் அவர் பெயரை முன்மொழியுங்கள்.