குருதியின் ஞாபகசக்தி: ஜப்பானிய உடல் பரிசோதனைக்கு முந்திய இரு வாரங்கள் குறித்து ஓர் ஆய்வு

ஜப்பானில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் ‘கென்கோ ஷிந்தான்’ என்னும் உடல் பரிசோதனை, ஒருவரின் ஓராண்டு உடல்நிலையை அளப்பதாகப் பரவலாக நம்பப்படுகிறது. இந்நம்பிக்கை ஆதாரமற்றது. அங்கே அளக்கப்படுவது பரிசோதனைக்கு ஆயத்தமாகும் திறமை மட்டுமே என்பது நம் கொள்கை. 1972ஆம் ஆண்டின் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் ஊழியரைப் பரிசோதிக்கும் கடமையை முதலாளியின் தலையில் கட்டியது; தவறினால் 5 லட்சம் யென் வரை அபராதம். ஊழியரின் தொந்திக்கு நிறுவனம் ஜவாப்தாரி ஆனது இப்படித்தான். 2008 முதல் 40 வயதிலிருந்து 74 வரையுள்ளோரின் இடுப்பும் அரசாங்க விவகாரம் ஆகிவிட்டது: ஆணுக்கு 85 செ.மீ., பெண்ணுக்கு 90. இவற்றையெல்லாம் வகுத்த சட்டங்கள், நாள் குறித்த கடிதம் வந்ததற்கும் அந்த நாளுக்கும் இடையே ஊழியர் என்ன செய்கிறார் என்பதைக் கண்டுகொள்ளவில்லை. நமது ஆய்வுக்களம் அந்த இடைவெளிதான்.

பரிசோதனை நாளில் உடம்பின் ஒவ்வொரு பகுதியும் சாட்சிக் கூண்டில் ஏறுகிறது. சாட்சிகளின் ஞாபகசக்தியோ ஒன்றுபோல் இல்லை. டிரைகிளிசரைடு நேற்றைய சாப்பாட்டைப் பற்றியே பெரிதும் பேசும். ராமெனும் பொரித்த கோழியும் இரவில் உள்ளே போயிருந்தால் காலையில் கோள்மூட்டிவிடும். குடியைக் காட்டிக்கொடுக்கும் காமா ஜி.டி.பி. என்ற நொதிக்கு ஞாபகம் சற்று நீளம். ஆனால் குடியை நிறுத்தினால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அதன் அளவு பாதியாக இறங்கும். ஆகவே அக்டோபர் நடுவில் பரிசோதனை என்றால் மாதப் பிறப்பில் நடக்கும் அலுவலக விருந்தில் ஒருவர் ஊலாங் தேநீரோடு உட்கார்ந்திருப்பார். பரிசோதனையைச் சுருக்கமாகக் குறிக்கும் ‘கென்ஷின்’ என்று அவர் ஒரு சொல் சொன்னால் போதும், யாரும் வற்புறுத்தமாட்டார்கள். மறதியில் எல்லாரையும் விஞ்சுவது இடுப்பு. நாடாவைத் தொப்புள் மட்டத்தில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் சுற்றவேண்டும் என்பது விதி. வயிற்றை எக்குவதற்கும் இயல்பாக மூச்சு விடுவதற்கும் உள்ள வேறுபாடு நுட்பமானது. தம் கால்சட்டையின் அளவை ஆதாரமாகக் காட்டுவோர் உளர். கால்சட்டை தொப்புளுக்குக் கீழே நிற்பது, ஆகவே அது நேரில் கண்ட சாட்சி ஆகாது. எஞ்சியது வினாத்தாள். மற்றவர்களைவிட வேகமாகச் சாப்பிடுகிறீர்களா என்று அது கேட்கிறது. குடிக்கும் நாளில் எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை ‘கோ’ என்னும் 180 மி.லி. கணக்கில் கேட்கிறது. தம்மைப் பற்றித் தாமே எழுதும் வாக்குமூலம் என்பதால் இதற்கு இரு வாரம் தேவையில்லை, பேனா போதும்.

இது ஏமாற்று வேலை என்பர் சிலர். அற்றன்று. முந்தின இரவு ஒன்பது மணிக்குமேல் எதுவும் உண்ணாதே என்று எழுதி அனுப்புவதே பரிசோதனைக் கூடம்தான். பட்டினி கிடந்த உடம்பு எந்த ஊழியரின் வழக்கமான உடம்பு? பத்து மணிநேரம் முறை, பதினான்கு நாள் முறைகேடு என்றால், எல்லைக்கோடு எத்தனையாவது மணியில் விழுகிறது என்பதை மறுப்பவர்தாம் காட்டவேண்டும். 1954இல் டோக்கியோவில் தொடங்கிய விரிவான பரிசோதனைக்கு ‘நிங்கென் டொக்கு’, அதாவது மனிதர்க்கான கப்பல்துறை என்று பெயர். கப்பலைப் பழுதுபார்க்கத் துறையில் ஏற்றுமுன் சரக்கை இறக்குவதை மோசடி என்று யாரும் சொன்னதில்லை. பல இடங்களில் இரண்டு நாள் மலத்தைச் சிறு குழாயில் எடுத்துவரும்படி வீட்டுப்பாடமும் தரப்படுகிறது. நாள் தவறும் வயிறு உடையவர்கள் அதற்கு ஒரு வாரம் முன்பே கவலைப்படத் தொடங்குகிறார்கள். வெளிநாட்டவருக்கு மொழிப்பாடம் வேறு. கண் சோதனைப் பலகையில் இருப்பவை ஒரு பக்கம் வாய் பிளந்த லாண்டோல்ட் வளையங்கள். வாய் எந்தப் பக்கம் என்பதற்கு உஎ, ஷித்தா, மிகி, ஹிதாரி என்று மேல், கீழ், வலம், இடம் சொல்லவேண்டும். விரலால் காட்டினாலும் புரிந்துகொள்வார்கள் என்பதை ஆய்வு நேர்மை கருதிக் குறிப்பிடுகிறோம்.

வலுவான தடை ஒன்றே: இரத்தச் சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கும் ஹெச்.பி.ஏ.1.சி. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது, தன்மேல் ஒட்டிய சர்க்கரையைச் சாகும்வரை சுமக்கிறது. கடந்த ஒன்றிரண்டு மாதக் கணக்கு அதன் கையில் இருப்பதால் இரு வாரத் தவத்துக்கு அது மசியாது. ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இத்தடை நம் கொள்கையை வீழ்த்தவில்லை, நாளைத்தான் கூட்டுகிறது. சர்க்கரைக்காரர் ஆகஸ்டிலேயே தொடங்குக. அப்படியானால் ஆண்டு முழுதும் ஒழுங்காக இருந்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். முடிவு நாள் தெரியாத விரதத்தை யாரும் தொடங்குவதில்லை என்பதோடு, அப்படி இருப்பவருக்கு அக்டோபரில் ஆயத்தம் செய்ய ஒன்றும் மிஞ்சாது. அவர் நம் ஆய்வின் வரம்புக்கு வெளியே போய்விடுகிறார்.

இரைப்பை எக்ஸ்ரேக்காகப் பேரியம் குடித்து, ஏப்பத்தை அடக்கி, சுழலும் மேசையில் உருண்டெழுந்தவருக்கு மலமிளக்கி மாத்திரை கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்புகிறார்கள். மாத்திரை சொன்னபடி விழுங்கப்படுகிறது. அன்று மாலை தண்ணீரின் இடத்தில் ஊற்றப்படுவது எவ்வளவு என்பது அடுத்த ஆண்டு வினாத்தாளில், கோ கணக்கில், சற்றுக் குறைத்து எழுதப்படும்.