ஆடிட்டர் திறக்காத பேரேடு

நாட்டில் ஆயிரக்கணக்கில் ஆடிட்டர்கள் உண்டு. தொழிலே பட்டமாகிப் பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது எஸ்.குருமூர்த்திக்குத்தான். எனவே அவரிடம் கணக்குக் கேட்பதில் குற்றமில்லை.

வரவை முதலில் எழுதிவிடுவோம். 1986-இல் ராம்நாத் கோயங்காவின் இந்தியன் எக்ஸ்பிரஸில் ரிலையன்ஸைக் குடைந்து குடைந்து எழுதினார். 1987 மார்ச்சில், ராஜீவ் ஆட்சியில், சி.பி.ஐ. அவரைக் கைது செய்தது. அம்பானியையும் அரசையும் ஒருசேரப் பகைத்துக்கொண்ட எழுத்து அது. இன்றைக்கு எவர் அச்சேற்றுவார்?

பிறகு சுதேசி. 1991-இல் தத்தோபந்த் தெங்கடி தொடங்கிய சுதேசி ஜாக்ரண் மஞ்ச்சின் முகங்களில் ஒன்றானார். அமெரிக்க மின் கம்பெனி என்ரானை விரட்டுவோம் என்று மஞ்ச் முழங்கியது. 1996-இல் 13 நாள் வாழ்ந்த வாஜ்பாய் ஆட்சியோ, உயிர் போகும் நேரத்தில் அந்த என்ரானுக்குத்தான் எதிர் உத்தரவாதம் எழுதிக் கொடுத்தது. 2002 இன்னும் ருசி. மீண்டும் வந்த வாஜ்பாய் ஆட்சியில் பொதுத்துறை ஐ.பி.சி.எல். ரிலையன்ஸ் கைக்குப் போனது. விற்ற அமைச்சர்? எக்ஸ்பிரஸ் ஆசிரியர் நாற்காலியில் இருந்து ராஜீவை உலுக்கிய அதே அருண் ஷோரி! தெங்கடியாவது சொந்த முகாமின் ஆட்சி என்று பாராமல் வாய்விட்டுச் சீறினார்.

2016 நவம்பர் 8. புழக்கத்திலிருந்த பணத்தில் 86 விழுக்காடு ஒரே இரவில் செல்லாமல் போனது. சிறுதொழில்தான் பாரதத்தின் பலம் என்று மேடைதோறும் சொன்ன குருமூர்த்தி, ரொக்கத்தில் மூச்சுவிடும் சிறுதொழிலின் கழுத்தில் விழுந்த அந்தக் கயிற்றுக்கு வக்காலத்து வாங்கினார். விரலில் மை வைத்து மக்களை வரிசையில் நிறுத்தினார்கள். கறுப்புப் பணம் திரும்பவே திரும்பாது என்றார்கள். ரிசர்வ் வங்கி எண்ணி முடித்தபோது 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி வந்து சேர்ந்திருந்தது. புதிதாய்ப் பிறந்த 2000 ரூபாய்த் தாளையும் 2023-இல் திரும்பப் பெற்றார்கள். ஏதாவது ஒரு கம்பெனி இப்படியொரு ஐந்தொகையை நீட்டியிருந்தால், 1986-இன் குருமூர்த்தி அதைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பார்.

2018-இன் குருமூர்த்திக்கு ரிசர்வ் வங்கி இயக்குநர் குழுவிலேயே இடம் கிடைத்தது. வங்கியின் கையிருப்பு அளவுக்கு மீறியது என்று வெளிமேடையில் வாதாடினார். அந்த டிசம்பரில் ஆளுநர் உர்ஜித் படேல் விலகினார். சொந்தக் காரணமாம், நம்புவோம். 2019 ஆகஸ்டில் 1.76 லட்சம் கோடி ரூபாயை அரசுக்குத் தர வங்கி முடிவெடுத்தது. மறுமாதமே கம்பெனி வரி 30-லிருந்து 22 விழுக்காடாகக் குறைந்தது. அதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி இழப்பு என்று அரசே சொன்னது. பற்றும் வரவும் என்ன அழகாக நேராகின்றன பாருங்கள்! நாலு தறி வைத்திருப்பவன் கம்பெனி அல்ல. அவனுக்கு அதில் சல்லிக்காசு இல்லை.

இன்சூரன்ஸில் அந்நியருக்கு 1999-இல் 26 விழுக்காடு, 2021-இல் 74. இரண்டுக்கும் கதவு திறந்தவர்கள் சுதேசிகளேதான்.

பொங்கலையொட்டி, குருமூர்த்தி ஆசிரியராக இருக்கும் துக்ளக் இதழின் ஆண்டுவிழா நடக்கும். அங்கே வாசகர்கள் எழுந்து கேள்வி கேட்பது நிறுவனர் சோ காலத்து வழக்கம். யாராவது எழுந்து கேளுங்களய்யா: வங்கி வாசலில் வரிசையில் நின்று செத்தவர்களை எந்தத் தலைப்பில் எழுதினீர்கள் ஆடிட்டர் சார்? தேய்மானத்திலா, வாராக்கடனிலா?