பிரிந்து நிற்கும் பாட்டில்

கேள்வி: மருந்துக் கடையில் மலிவாக ஒரு ஐ மேக்கப் ரிமூவர் வாங்கினேன். பாட்டிலுக்குள் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே எனப் பிரிந்து நிற்கிறது. ஏமாந்துவிட்டேனா? (ஒரு வாசகி)

பதில்: குலுக்கினீர்களா? அவை சண்டை போட்டுப் பிரியவில்லை, வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன! வாட்டர்ப்ரூஃப் மஸ்காராவில் இருக்கும் மெழுகு தண்ணீருக்கு அசையாது, எண்ணெய்க்குக் கரையும். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் முதலில் கழற்றுங்கள். குலுக்கி நனைத்த பஞ்சை மூடிய இமைமேல் சில விநாடி வைத்திருந்து, மெல்லத் துடையுங்கள். தேய்க்க வேண்டாம்.

மலிவோ, விலை உயர்ந்ததோ, மையோடு மட்டும் தூங்காதீர்கள். கண்ணீர் சீக்கிரம் உலராமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் இமை விளிம்பில்தான் திறக்கின்றன. அவற்றின் வாயை மை அடைத்தால் கண் உலரும், உறுத்தும், கட்டியும் வரலாம்.