மூணு கட்டை லைட்டும் மூணு பின் பிளக்கும்

செண்பகத்தோப்புக்கு மாங்காய்க் காவலுக்குப் போகிறவர் கையில் அரிவாள் இருக்கிறதோ இல்லையோ, பேட்டரி லைட் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலை எழும்புகிற இடம் அது. மாம்பழக் காலத்தில் யானை இறங்கும், பன்றி இறங்கும், சில ராத்திரிகளில் கரடியும் வரும். 1970-களில் எங்கள் தோப்பில் கரண்டு கிடையாது. அப்பாவிடம் இருந்தது மூணு பேட்டரி செல் போடுகிற மூணு கட்டை லைட்.

அதை அவர் வைத்துக்கொண்ட விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. சத்தம் கேட்டால்தான் பொத்தானை அமுக்குவார். நான் விளையாட்டாக மரத்து மேலே அடித்தால், "சும்மா அடிக்காதடா, கட்டை தீந்துரும்" என்பார். டவுனுக்குத் திரும்பும்போது ஒரு கட்டையை வெளியே எடுத்துவிடுவார். பைக்குள் பொத்தான் தானாக அமுங்கினாலும் லைட் எரியாது. வெளிச்சம் மஞ்சளாக மங்கத் தொடங்கினால் மூன்று கட்டைகளையும் பாறை மேல் வெயிலில் காயப்போடுவார். சூடேறினால் உள்ளே இருக்கிற பசையில் வேதிவினை கொஞ்சம் வேகமெடுக்கும். அரைமணி, ஒருமணி கூடுதலாக எரியும். தீர்ந்த கட்டையை உள்ளேயே விட்டால் துத்தநாகக் கூடு அரித்து ஒழுகி, ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்துவிடும். அதை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பது என் வேலை.

வெளிநாட்டுக் கரண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது சிங்கப்பூரிலிருந்து திரும்பிய மாமாவோடு. அவர் கொண்டுவந்த டூ-இன்-ஒன் ரேடியோ-டேப் செட்டின் பின்பக்கம், 110 என்றும் 220 என்றும் எழுதிய சின்னத் திருகு ஒன்று இருந்தது. அது 110-ல் நிற்கும்போது நம் கரண்டைக் கொடுத்தால் உள்ளே புகைந்துவிடும் என்று மாமா சொல்லியிருந்ததால், அப்பா ஒவ்வொரு தடவையும் திருகைப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சைப் போட விடுவார். பிளக்கும் நம்மூர் ஓட்டையில் நுழையாத தட்டையான மூணு பின். கடைத்தெரு எலக்ட்ரீசியன் அதை வெட்டி எறிந்துவிட்டு உருண்டை பின் மாட்டிக் கொடுத்தார். அப்போது அதுதான் அடாப்டர்.

இன்று அந்தத் திருகை சார்ஜரே தனக்குள் வைத்திருக்கிறது. நம் வீட்டு 230 வோல்ட், அமெரிக்காவின் 120, ஜப்பானின் 100 என எது வந்தாலும் அது நேர்மின்னாக்கி, படுவேகமாக வெட்டி வெட்டித் தனக்கு வேண்டிய அளவுக்கு இறக்கிக்கொள்ளும். சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் போதும். அப்புறம் பின்னின் வடிவம் மட்டும்தான் பிரச்சினை. ஜெர்மனிக்கோ பிரான்சுக்கோ போகிறவருக்கு அதுவும் பெரும்பாலும் இல்லை. நம்மூர் போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு உருண்டை பின் அங்கே நேராகவே நுழைந்துவிடும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிரிட்டிஷ்காரர்கள் 1947-ல் வகுத்த அதே தட்டை மூணு பின்தான். மேலே இருக்கிற எர்த் பின் உள்ளே போனால்தான் கீழே உள்ள இரண்டு ஓட்டைகளின் மூடி திறக்கும். குழந்தை கம்பியை விட்டாலும் ஷாக் அடிக்காது.

மகளைப் பார்க்க சிங்கப்பூர் போகும் வயதான அப்பா அம்மாக்களுக்கு இதெல்லாம் சின்ன விஷயமில்லை. வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும், டிக்கெட் போனில், மகள் வீட்டு விலாசம் போனில், மாத்திரைச் சீட்டும் போனில். சாங்கியில் இறங்கும்போது போன் செத்துக் கிடந்தால் அவர்கள் ஊமையாகிப் போவார்கள். இருட்டில் தோப்புக்குள் நடப்பவனுக்குக் கட்டை எவ்வளவு முக்கியமோ, அவர்களுக்குச் சார்ஜ் அவ்வளவு முக்கியம். பிள்ளைகள் டிக்கெட் அனுப்புகிறார்கள், ஸ்வெட்டர் வாங்கச் சொல்கிறார்கள், பிளக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

செண்பகத்தோப்பு இப்போது புலிகள் காப்பகத்தின் ஓரம். சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் சரணாலயமான காடு, 2021-ல் மேகமலையோடு சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமானது. மலையடிவாரத்தை நெருங்க நெருங்க சிக்னல் தேயும். கோபுரத்தைத் தேடித் தேடி போன் தன் பலத்தையெல்லாம் செலவழிக்கும். யாரோடும் பேசாமலே மத்தியானத்துக்குள் பாதி சார்ஜ் போய்விடும். அங்கே நுழைந்ததும் போனை விமானப் பயண நிலையில் போட்டுவிடுவேன். அப்பா ஒரு கட்டையை வெளியே எடுத்துவிடுகிற அதே வேலைதான். ரோமிங் கிடைக்காத ஊர்களிலும் இதுவே கைகொடுக்கிறது.

விமானத்தில் போகிறவர்கள் பவர் பேங்க் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும், லக்கேஜில் போடவே கூடாது. பொதுவாக 100 வாட்-அவர் வரை அனுமதி. 20,000 எம்ஏஎச் என்று போட்டிருப்பது சுமார் 74 வாட்-அவர்தான், பயமில்லை. 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் தீப்பிடித்து எரிந்தபோது பவர் பேங்க் மேல்தான் சந்தேகம் விழுந்தது. அந்த ஏப்ரலிலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தவே தடை போட்டுவிட்டது. ஆகையால் வீட்டிலேயே முழுசாக ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அமெரிக்காவில் பேரன் பிறந்திருக்கிறான் என்று அக்கா கிளம்பியபோது பெட்டியில் முதலில் வைத்தது மிக்சியை. "போன் சார்ஜர் வேலை செய்யும்னா இது செய்யாதாடா?" என்று கேட்டாள். செய்யாது. மிக்சியின் மோட்டார் 230 வோல்ட்டுக்கென்றே சுற்றியது. 120-ல் முனகுமே தவிர சட்னி அரைக்காது. அதற்கு ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் மிக்சியைவிட அது கனக்கும். நம்மூர்க் கம்பெனிகளே அமெரிக்கா போகிறவர்களுக்காக 110 வோல்ட் மிக்சி தனியாகச் செய்கின்றன. பழையதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு அதில் ஒன்றை வாங்கினோம். காலியான இடத்தில் பால்கோவா டப்பாக்களை அடுக்கினாள்.